மரநாய் பிரித்த ஓடு

காலையில் முன்கதவைத் திறக்கப் போன நான் ஹோலின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். தரை முழுவதும் மஞ்சள் நிறத்தில் நுரைத் துண்டுகள். யாரோ ஓர் இறாத்தல் பாணைப் பிய்த்து எறிந்தது போல் கிடந்தன.

அண்ணாந்து பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னர் அடித்த புதுச் சீலிங்கின் ஒரு மூலை உடைந்து தொங்கியது. அதற்கு மேலே இரண்டு மூன்று ஓடுகள் விலகி, ஒரு சுளகு அளவுக்கு வானம் தெரிந்தது.

மரநாயின் வேலை. யாழ்ப்பாணத்தில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிராணியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பூனையை விடக் கொஞ்சம் நீளம். கூரைக்குள் குடியிருக்கும். பழுத்த பப்பாசியை உங்களுக்கு முன்னரே தின்று முடிக்கும். அது வந்து போகும் வழியை நான்தான் அடைத்திருந்தேன். அது தனக்குப் புதிதாக ஒரு வழி செய்துகொண்டது.

"இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் இவர் படுக்கையறையிலிருந்து வந்தார். இவர் என்பது என் கணவர். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து நேரே அந்த ஓட்டைக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கப்பா."

"என்ன நல்லாயிருக்கு?"

"இதிலை இருக்க நல்லாயிருக்கு. ஒருக்கா வந்து நில்லுமன்."

நான் வாயில் வந்ததைச் சொன்னேன். அதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

ஊதுபத்தி இன்ஸ்பெக்டர்

அந்த மஞ்சள் நுரை எப்படி எங்கள் கூரைக்குள் போனது என்று சொல்லாவிட்டால் கதை விளங்காது. அதற்கு ரொறன்ரோ வரைக்கும் போய்வர வேண்டும்.

அங்கே நாங்கள் வாங்கியது எங்களை விட வயது கூடிய ஒரு செங்கல் வீடு. குளிர்காலத்தில் அதைச் சூடாக்கவே இவருடைய சம்பளத்தில் பெரிய பங்கு போனது. ஹீற்றர் இரவு பகலாக உறுமும். ஆனாலும் குசினிக்குள் நின்றால் கணுக்காலில் யாரோ ஐஸ்கட்டியைத் தேய்ப்பது போல் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். புகை நேரே மேலே போகாமல் வளைந்து வளைந்து ஒரு பக்கமாக ஓடியது. ஏன் என்று பார்த்தால், யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. வெளிக் குளிர் அதனூடாக வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். புகை எங்கெங்கே வளைந்ததோ அங்கெல்லாம் பென்சிலால் புள்ளடி போட்டேன். மறுநாள் டின்னில் அடைத்த நுரை வாங்கி வந்தேன். அமுக்கினால் பொங்கி வந்து இறுகிவிடும். புள்ளடி போட்ட இடமெல்லாம் அதை அடித்தேன். அடுத்த மாதமே ஹீற்றரின் உறுமல் குறைந்தது. பில்லும் குறைந்தது. இவர் அந்தப் பில்லை மூன்று தரம் வாசித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு மவுசுதான். தெரிந்த தமிழ் வீடுகளிலெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். போவேன், ஊதுபத்தி கொளுத்துவேன், குற்றம் கண்டுபிடிப்பேன். இவர் எனக்கு வைத்த பட்டம் 'ஊதுபத்தி இன்ஸ்பெக்டர்'. வெளியே கேலி. உள்ளுக்குள் பெருமை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என் வீடு

இந்த அரியாலை வீடு என்னுடைய சீதன வீடு. அப்பா எனக்காகக் கட்டியது. சுண்ணாம்புக்கல் சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை, பனை மரத்தில் கூரை, அதன் மேல் ஓடு. சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இரண்டு கை நுழையும் இடைவெளி. கதவு யன்னல்களுக்கு மேலே மரச் சட்டம் அடித்துத் திறந்து விட்ட வெளிகள். தெற்குப் பக்கம் வயலும், அதைத் தாண்டிக் கடலும்.

சின்ன வயதில் அந்த இடைவெளிகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். அப்பாவுக்குக் காசு முடிந்து போனதால் அரைகுறையாக விட்ட இடங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

ரொறன்ரோவில் அலுவலகக் கட்டடங்கள் கழுவிய காலம் முழுவதும், ஒரு நாள் அந்த வீட்டில் போய் இருப்பேன் என்பதுதான் எனக்குத் தெம்பு. இவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. பென்சன் எடுத்த பிறகு எனக்காகத்தான் கூட வந்தார்.

வந்தவுடன் இன்ஸ்பெக்டர் வேலையைத் தொடங்கினேன். ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே நுழைந்தால், புகை வளையாத இடமே இல்லை. 'அப்பாடி, என்ன ஓட்டை வீடு' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். படுக்கையறைக்கு ஏசி பூட்டுவதாக இருந்தோம். இத்தனை ஓட்டையுள்ள வீட்டில் ஏசி போட்டால் காசு காற்றில் போய்விடும் அல்லவா?

கூரை வேலை செய்யும் குணம் என்பவரைப் பிடித்தேன். நாற்பது வயது மனிதர். நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் சும்மா இராது. அவரைக் கொண்டு சுவர்த் தலையெல்லாம் நுரை அடித்தேன். கதவு மேல் வெளிகளுக்குப் பலகை. கூரைக்குக் கீழே வீடு முழுவதற்கும் சீலிங். ஒரு எறும்பு உள்ளே வருவதென்றாலும் கதவைத் தட்டித்தான் வர வேண்டும்.

இவரும் தன் பங்குக்கு முற்றத்து மணலையெல்லாம் அள்ளி எறிந்துவிட்டு, சிவப்பும் சாம்பலுமாக இன்ரலொக் கல் பதித்தார். வந்தவர் போனவர் எல்லாரும் அந்தக் கல்லைப் புகழ்ந்தார்கள்.

வாக்கு

மாசிப் பனி முடிந்து பங்குனி பிறந்தது. வீடு கொதிக்கத் தொடங்கியது.

ஏசி ஓடியது. பதினாறில் வைத்தும் வியர்த்தது. ஹோலுக்குள் வந்தால் மூச்சு முட்டியது. வெயில் தாழ்ந்த பிறகும் வெக்கை இறங்கவில்லை. அதற்குள் மின்சாரப் பில் வந்தது. ரொறன்ரோவின் குளிர்காலப் பில்லை நினைவூட்டிய ஒரு கடுதாசி. நாங்கள் இருவரும் பென்சனில் வாழ்பவர்கள். அந்தப் பில் ஒவ்வொரு மாதமும் வந்தால் மிஞ்சியதில் என்ன சமைப்பது?

அதையும் தாங்கலாம். ஒரு மத்தியானம் இவர் கிணற்றடியில் தலை சுற்றிக் குந்திவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. தண்ணீர் அள்ளித் தலையில் ஊற்றி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து படுக்க வைத்தேன்.

பின்னேரம் எழும்பி இருந்து மெதுவாகச் சொன்னார்.

"என்னாலை ஏலாதப்பா. இது இருக்கிற வீடில்லை. தரகர் நடேசு ஒரு கொழும்பு ஆளைச் சொல்லுறார். இடிச்சிட்டு மாடி கட்டப் போறாராம். நல்ல விலை."

"இது என்ரை வீடு."

"ஓம், உம்மடை வீடுதான். நீர் ஒப்பம் வைக்காமல் ஒருத்தரும் விக்கேலாது. நான் சொல்லுறது என்ரை உடம்பைப் பற்றி."

சட்டம் என் பக்கம். நியாயம் அவர் பக்கம். கடைசியில் நானே ஒரு தவணை சொன்னேன்.

"காண்டாவனம் முடியுமட்டும் பாப்பம். அதுக்குள்ளை உங்களுக்கு இஞ்சை நிம்மதியாப் படுக்கேலாட்டி நான் ஒப்பம் வைக்கிறன்."

காண்டாவனம் என்றால் சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி வரை எரிக்கும் வெயில். வருடத்தில் மோசமான வெயில் அதுதான். கோபத்தில் நாள் பார்க்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரையும் கடைசியாகப் பார்ப்பது போலவே பார்த்தேன்.

பாண் போறணை

இந்த நிலையில்தான் மரநாய் வந்து ஓட்டைப் பிரித்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியதில் வியப்பில்லையே. உடனே குணத்துக்குப் போன் எடுத்தேன். அவர் ஏணியோடு வந்து இறங்க, கதிரையில் இருந்தபடியே இவர் சொன்னார்:

"தம்பி, அவசரமில்லை. நாளைக்கு வந்து அடையுமன்."

மறுநாள் வந்தபோதும் அதே பேச்சு. "இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு." மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஏசி பூட்டிய அறையை விட்டுவிட்டு இந்த மனிதர் மூன்று நாளாக அந்த ஓட்டைக்குக் கீழேயே குடியிருக்கிறார். சாப்பாடும் அங்கேதான். பேப்பர் வாசிப்பதும் அங்கேதான்.

அன்று வந்த குணம் ஏணியில் ஏறி, உடைந்த சீலிங்குக்கு மேலே தலையை நுழைத்தார். நுழைத்த வேகத்தில் வெளியே எடுத்தார்.

"அக்கோய்! உள்ளுக்கை பாண் போறணை மாதிரியெல்லே கிடக்கு! மாவைக் குழைச்சுத் தாங்கோ, வைச்செடுப்பம்."

அவரை இறங்கச் சொல்லிவிட்டு நானே ஏறினேன். ஓட்டின் சூடு முழுவதும் சீலிங்குக்கு மேலே அடைபட்டுக் கிடந்தது. மரநாய் பிரித்த ஓட்டையால் மட்டும் அது புஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. அது போகப் போக, திறந்த வாசலால் வெளிக் காற்று உள்ளே வந்தது. அந்தக் காற்றில்தான் இவர் மூன்று நாளாகக் கால் நீட்டிக்கொண்டிருந்தார்.

ஏணிப்படியில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரொறன்ரோவில் சூடு நாங்கள் காசு கொடுத்துக் கூப்பிட்ட விருந்தாளி, போக விடாமல் கதவை அடைத்தோம். இங்கே அது கூப்பிடாமல் வந்து குந்திய ஆள். அதற்கும் நான் கதவை அடைத்து, போக விடாமல் வைத்திருக்கிறேன். சுவர்த் தலையில் இருந்த இடைவெளி, அப்பாவுக்குக் காசு முடிந்ததால் விட்ட இடமில்லை. கணக்காகப் பார்த்து விட்ட இடம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் சறுக்கியது ஆனை அல்ல, ஊதுபத்தி இன்ஸ்பெக்டர். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கீழே இறங்கி, "எல்லாத்தையும் கழட்டுங்கோ" என்றேன்.

குணம் சிரித்தார். "அண்டைக்கு அடைக்கிறதுக்குக் கூலி, இண்டைக்கு எடுக்கிறதுக்குக் கூலி. உங்களைப் போல இன்னும் ரெண்டு பேர் ஊரிலை இருந்தாக் காணும் அக்கா, என்ரை பிள்ளையள் படிச்சு முடிச்சிடுங்கள்."

கதிரையிலிருந்து இவரும் சேர்ந்துகொண்டார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

அன்றைக்கு இருவருக்கும் நான் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

வெறுங்கால் சோதனை

நுரையைச் சுரண்டி எடுக்க நான்கு நாள் ஆனது. அடித்தபோது அரை நாள்தான். சீலிங்கையும் கழற்றினோம். கதவு மேல் பலகைகளையும் கழற்றினோம். நுளம்பு வருமே என்று இவர் முணுமுணுத்தார். இடைவெளிகளுக்கெல்லாம் மெல்லிய கம்பி வலை அடித்தோம். காற்று வரும், நுளம்பு வராது, மரநாயும் வராது. அந்தப் பிராணிக்கு நான் பட்ட கடனுக்கு மதிலோரம் நிற்கும் பப்பாசி மரத்தை அதற்கென்றே விட்டுவிட்டேன்.

கொடிகாமத்துச் சந்தைக்குப் போய்ப் பின்னிய தென்னோலைக் கிடுகு வாங்கி வந்து, மேற்குச் சுவருக்கு நிழல் விழும்படி தாழ்வாரம் போல ஒரு பத்தி இறக்கினோம். ஓலை ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் கேற்றடியில் நிற்க, அயலவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கனடாக்காரர் கிடுகு போடுகிறார்களாம் என்று கதை பரவியது. பரவட்டும்.

ஆனாலும் ஏதோ குறை இருந்தது. மீண்டும் ஊதுபத்தியை எடுத்தேன். இந்த முறை காற்று எங்கே போக விரும்புகிறது என்று கேட்டுக்கொண்டு நடந்தேன். தெற்கு வாசலால் வந்த புகை அழகாக ஹோலைக் கடந்து மேலே ஏறியது. வழி சரி. ஆனால் வந்த காற்றே சுட்டது. வாசலில் நின்று வெளியே பார்த்தேன். கடலில் குளித்து வந்த காற்று, எங்கள் முற்றத்து இன்ரலொக் கல்லின் மேலால் நடந்துதான் உள்ளே வருகிறது.

"கல்லைக் கிளப்ப வேணும்" என்றேன்.

இவர் எழும்பியே நின்றுவிட்டார். "விசரே உமக்கு? ஊரே பாத்துப் புகழ்ந்த கல்லு!"

"சரி. செருப்பைக் கழட்டிப்போட்டு, இதாலை கேற் மட்டும் போய் வாங்கோ. வந்திட்டீங்கள் எண்டா நான் வாய் திறக்கமாட்டன்."

மத்தியானம் ஒரு மணி இருக்கும். இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இராணுவ அணிவகுப்புப் போல இறங்கினார். முதல் நாலு அடி கம்பீரம். அடுத்த நாலு அடி வேகம். அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. பாதி வழியில் துள்ளிக்கொண்டு பக்கத்துச் செவ்வரத்தையின் நிழலில் போய் நின்றவர், அங்கிருந்து கூப்பிட்டார்.

"செருப்பைக் கொண்டு வாருமப்பா!"

"கல்லு?"

"கிளப்புவம், கிளப்புவம்! முதல்லை செருப்பு!"

வாழ்க்கையில் நான் அவருக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தது அந்த ஒரு நாள்தான். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல்லை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கிளப்பிப் பழையபடி மணல் போட்டோம். பின்னேரம் பின்னேரம் அந்த மணலுக்கு இவரே தண்ணீர் தெளித்தார்.

ஏசி எப்போது நின்றது என்று எங்களுக்கே தெரியாது. ஒருவரும் அதை நிறுத்தவில்லை. ஒரு நாள் போடவில்லை, மறுநாளும் போடவில்லை, அவ்வளவுதான். மீற்றர் பார்க்க வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றாமலே எழுதத் தொடங்கி, பிறகு கழற்றிவிட்டு மீண்டும் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, வீடு பூட்டிக் கிடந்ததோ? எங்கையும் வெளியிலை போயிருந்தனீங்களோ?"

"ஒரு இடமும் போகேல்லை. இஞ்சைதான் கிடந்தனாங்கள்."

மீற்றரை விரலால் இரண்டு தரம் தட்டினார். அது ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. என்னை ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் ஒரு பதக்கம் போல வைத்திருக்கிறேன்.

காண்டாவனம்

பில்லில் வென்றாலும் வாக்கு அப்படியே நின்றது. காண்டாவனம் பிறந்தது. தெருவில் தார் இளகியது. காகம் கூடக் கத்தவில்லை. இவர் ஹோலில் படுத்துப் புரள்வதையும் எழும்புவதையும் நான் குசினியிலிருந்து கள்ளமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். கேட்கப் பயம்.

காண்டாவனம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சோளகம் பிடித்தது. தெற்கிலிருந்து ஒரே சீராக வீசும் காற்று. அந்த மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் வெறும் மேலோடு, வெறும் சீமெந்துத் தரையில் சரிந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. நான் குறட்டையை ரசித்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கேற் திறந்தது. தரகர் நடேசு. கூடவே கொழும்பு ஆள்.

இருவரும் வியர்த்து ஒழுகிக்கொண்டு உள்ளே வந்தார்கள். கொழும்பு ஆள் ஹோலின் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏசி எங்கை பூட்டியிருக்கு?"

"ஹோலிலை ஏசி இல்லைத் தம்பி."

நம்பாமல் மேலே பார்த்தார். மின்விசிறியும் சுற்றவில்லை. சுவரில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு நடேசுவின் பக்கம் திரும்பி, எனக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"இதை இடிக்கத் தேவையில்லை. இப்பிடியே எடுப்பம். சொன்னதுக்கு மேலை கூட்டித் தாறன்."

நான் பாடுபட்டு வீட்டைக் குளிர்மையாக்கியது, கடைசியில் இந்தக் கொழும்பு ஆளுக்கு நல்ல விலைக்கு விற்கவா? வாக்குக் கொடுத்தவள் நான். அதை எடுத்து நீட்டும் உரிமை தரையில் படுத்திருக்கும் மனிதருக்கு.

நடேசு குனிந்து கூப்பிட்டார். "அண்ணை, அண்ணை, எழும்புங்கோ. நல்ல விலை வந்திருக்கு."

குறட்டை நின்றது. இவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நடேசு, காத்தை மறைக்காமல் கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும்."

நடேசு தள்ளி நின்றார். "இல்லை அண்ணை, விலை..."

"என்ன விலை? வீடு அவவின்ரை. நான் இதிலை படுக்கிற ஆள்."

திறந்த கண்ணையும் மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். திரும்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சரும், நிலம் குளிருது. ஒரு பாய் எடுத்துத் தாரும்."

வந்தவர்கள் எப்போது போனார்கள், நான் அவர்களுக்கு என்ன சொன்னேன் என்பதெல்லாம் நினைவில்லை. அறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று வடிவாக ஒருமுறை அழுதேன். சந்தோஷம்தான். வென்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னேன், கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருந்ததில் பெரிய பாயாகப் பார்த்து எடுத்து வந்தேன். எனக்கும் நித்திரை வந்தது.